புவனம் அக்காவின் முதல் வியாபாரம்

செய்தியை எனக்குச் சொன்னவர் உறவினர் அல்ல. கண்டி மத்திய சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கும் நஸீர் நானா. கடை திறக்கும் நேரத்தில் அவர் யாரோடும் தொலைபேசியில் பேசுகிறவரல்ல. காலையில் அவருடைய பெயரைத் திரையில் பார்த்ததுமே ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"தங்கச்சி, கேள்விப்பட்டீங்களா? நம்ம புவனம் அக்கா மவுத்தாகிட்டாங்களாம். தூங்கினவங்க எழும்பவே இல்லையாம். பக்கத்து வீட்டுப் புள்ள இப்பதான் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போகுது."

பிறகு, "இன்னைக்கு மொதல் யாபாரத்துக்கு யாரையும் கூப்பிட மனசு வரல்ல" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் புவனம் அக்காவை அறிந்தவர்கள். அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள், சந்தையில் அவரை 'அக்கா' என்றும் 'மிஸ்' என்றும் கூப்பிட்டவர்கள், அவர் கூட்டிக்கொண்டு போய்க் குடையும் சேலையும் குக்கரும் வாங்கிக் கொடுத்தவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப் பெயர் புவனேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகிக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் அங்கேயே கட்டுக்கலையில் ஒரு வீட்டை ஒட்டிய அனெக்ஸில் தனியாக இருந்தார். நான் கண்டியிலேயே மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். அதே அலுவலகத்தில் அவருக்கு அடுத்த மேசையில் கிளார்க்காக இருந்தவள்.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது. என் இளைய மகள் நித்யாவுக்குக் கல்யாணம் பேசி முடித்து, கூறைச் சேலை எடுக்க நாள் பார்த்திருந்தோம். என் கணவர் காலமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செய்தி வருவதற்கு முதல் நாள்தான் நித்யாவிடம், "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்வதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன். புவனம் அக்கா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நித்யாவுக்குத் தெரியாது. அவளுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா கண்டிக்கு வந்து சேர்ந்தது நல்ல மழைக்காலத்தில். குடையில்லாமல் கண்டிக்கு மாற்றலாகி வந்த ஒரே உத்தியோகத்தர் அவராகத்தான் இருப்பார். முதல் நாளே தொப்பலாக நனைந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இஞ்சை வானத்துக்கு வேற வேலையே இல்லையோ?" என்று கேட்டார். மறுநாள் அலுவலகத்துக்கு முன்னால் சந்தைக்குக் கூட்டிப் போனேன். குடை விற்கும் மேல்மாடிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. கீழே நஸீர் நானா மட்டும் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். சும்மா நிற்பது அக்காவுக்குப் பிடிக்காது. தடிமனுக்குக் குடிக்கலாம் என்று கொஞ்சம் கொத்தமல்லி கேட்டார். முதல் வியாபாரமே ஒரு கைப்பிடி மல்லியா என்று நானாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

அன்று பகல் சுற்றுலாப் பயணிகளின் பஸ் ஒன்று சந்தை வாசலில் வந்து நின்று, நானாவின் கடையில் கறுவா, கராம்பு, ஏலக்காய் என்று இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மாலையில் நாங்கள் பஸ்ஸுக்குப் போகும்போது மனிதர் கடையை விட்டு இறங்கி வந்து வழியை மறித்தார்.

"அக்கா, ஒங்க கை நல்ல கை. நாளைக்கும் காலையில வாங்க."

"என்ர கையில ஒண்டும் இல்லை, நானா. எல்லாம் அந்த பஸ்ஸாலதான். டிரைவரைப் பிடியுங்கோ."

நானா டிரைவரைப் பிடிக்கவில்லை. அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் முதல் சாமானை வாங்குகிறவரின் கைராசியில்தான் அன்றைய வியாபாரம் இருக்கிறது என்பது நம் கடைக்காரர்களின் நம்பிக்கை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. இந்த நாட்டில் வேறெதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் இதில் இருக்கிறது. நானா பக்கத்துக் கடைக்குச் சொல்ல, அந்தக் கடை அடுத்த கடைக்குச் சொல்ல, சில மாதங்களில் சந்தை முழுவதும் பரவிவிட்டது. கீரையும் தேசிக்காயும் விற்கும் சோமா அக்கா தூரத்தில் கண்டாலே, "மிஸ்கே அத்குணே ஹொந்தாய்" என்று குரல் கொடுப்பாள். மிஸ்ஸின் கை நல்ல கையாம். ஒருவருக்குப் போனால் மற்றவர் முகம் வாடும் என்பதால், அக்கா முறை வைத்துப் போகத் தொடங்கினார். இன்று சோமாவிடம், நாளை செருப்புக் கடையில், மறுநாள் பிளாஸ்டிக் கடையில். கையில் ஒரு சின்னச் சாமானோடுதான் அலுவலகத்துக்கு வருவார்.

இதனால் அவருடைய மேசையின் இழுப்பு லாச்சி ஒரு சில்லறைக் கடையாகிவிட்டது. தேசிக்காய், ஊசி, கராம்பு, கொண்டைக் கிளிப், சவர்க்காரம். செருப்பு மட்டுமே போடும் மனுஷியின் லாச்சியில் சப்பாத்து லேஸ் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு நாள் கூட்டத்துக்குப் புறப்படும்போது எங்கள் பணிப்பாளரின் லேஸ் அறுந்துபோக, அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து தயங்கி நின்றார். "கறுப்போ மண்ணிறமோ, சேர்?" என்று அக்கா கேட்ட கேள்வியை வைத்து நாங்கள் ஒரு வருடம் சிரித்தோம்.

புதிதாக யார் மாற்றலாகி வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டுவது அக்காவின் வேலை. தலதா மாளிகையையும் வாவியையும் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பார். அவர் காட்டுவது கடைகளைத்தான். பாத்திரத்துக்கு ஒரு தெரு, சேலைக்குக் கொழும்பு வீதி, பழைய பாடப்புத்தகத்துக்கு பஸ் நிலையத்துப் பக்கம். "வாங்க வந்த சாமானைக் கடையில முதல் பாக்காதையும். பக்கத்தில கிடக்கிறதைப் பாரும்" என்று சொல்லிக்கொடுப்பார். "பெரஹெரா ஊர்வல மாதத்தில ஒண்டும் வாங்காதையும். விலையும் யானையில ஏறித்தான் போகும்" என்பார். எல்லாவற்றிலும் அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று: "பசியோட சேலைக் கடைக்குப் போகாதையும். பசிக்கிற ஆள் அவசரத்தில தலையை ஆட்டும்." குளிரூட்டிய பெரிய மாலுக்கும் கூட்டிப் போவார். ஆனால் அங்கே எதையும் வாங்க மாட்டார். கால் வலிக்கு அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழும்புவார். விலை கேட்க ஆளில்லாமல் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் இடம் அவருக்குக் கடையாகவே படவில்லை.

சனிக்கிழமைப் பின்னேரங்கள் புத்தகக் கடைக்கு. தமிழ்ப் புத்தகங்கள் வைத்திருந்த அந்தக் கடைக்காரர் எப்போதும் சோர்ந்த முகத்தோடு இருப்பார். அக்கா போனதும் ஒரு கதிரையை இழுத்துப் போடுவார். அக்கா கதைப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பார். நான் திட்டினால், "ஆர் சாகினம் எண்டு தெரிஞ்சால் பயமில்லாமல் வாசிக்கலாம், செல்வி" என்பார். சந்தையில் சாமானுக்குச் சாமான் பேரம் பேசுகிறவர் அங்கே விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். கைராசிக் கதை அந்தக் கடைக்காரரின் காதுக்கும் எட்டி, "திங்கக்கிழமை காலையில ஒருக்கா எங்க கடைக்கும் வாங்களேன்" என்று கேட்டார்.

"அது மட்டும் கேக்காதேங்கோ. சந்தையிலதான் நான் கைராசிக்காரி. இஞ்சை நான் வாசிக்கிற ஆள். அப்பிடியே இருந்திட்டுப் போறன்."

அக்கா கைராசியை விளையாட்டாகத்தான் வைத்திருக்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது அவருக்குள் ஒரு பாரமாகவும் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஒரு முறை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மச்சாள் வந்து அவரோடு சில நாள் தங்கினார். அவர் போன பிறகு அக்கா சந்தைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். வேறு பாதையால் நேராக அலுவலகம் வருவார். நானாவும் சோமாவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு என்ன கோபம் என்று கேட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் விடாமல் கேட்டேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கலியாணம் முடிச்சுக் கொஞ்சக் காலத்திலயே அவர் காய்ச்சலில செத்துப்போனார். அது உமக்குத் தெரியும். என்ர தங்கச்சிக்குக் கூறை எடுக்கப் போகேக்க நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருந்தன். என்னை ஒருத்தரும் இருக்கச் சொல்லேல்லை. நானாத்தான் இருந்தன். இப்ப மச்சாள் கேக்கிறா, உன்னைப் பற்றி அந்தச் சந்தைச் சனத்துக்குத் தெரியுமோ எண்டு. தெரிஞ்சால் கூப்பிடுவினமோ? நான் அவையளை ஏமாத்திக்கொண்டெல்லே திரியிறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மச்சாள் பஸ் ஏறிப் போயிருந்தது அவருடைய நல்ல காலம். "அப்ப வாங்க, போய்ச் சொல்லிடுவோம்" என்று அன்று மாலையே அக்காவை இழுத்துக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன்.

அக்கா நேராகவே சொன்னார். "நானா, நான் புருசன் இல்லாத மனுசி. உங்களுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன். இனி முதல் யாபாரத்துக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ."

நானா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க மல்லி வாங்கின அன்னைக்கே எனக்குத் தெரியும். யாபாரிக்கு ஆளுட கழுத்துத்தான் மொதல்ல கண்ணுல படும். தாலிக்கொடி ஈக்கா, எவ்வளவு கனம்னு பாத்துத்தானே ஏலக்காயக் காட்டுறதா மல்லியக் காட்டுறதான்னு முடிவு பண்றோம்."

"அப்ப ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"யாபாரம் நடந்திச்சி. கூப்பிட்டேன்."

அக்கா சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சோமாவிடம் வல்லாரை வாங்கிக்கொண்டு வந்தார்.

மூத்தவள் கவிதாவின் கல்யாணத்துக்குக் கூறை எடுத்த நாளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தெல்தோட்டை. அங்கே மாப்பிள்ளையின் அத்தை பேச்சுத்தான் எடுபடும். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம், நல்ல மனுஷி, ஆனால் சம்பிரதாயம் என்றால் அணுவளவும் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். வர மாட்டேன் என்று ஒரு வாரம் அடம் பிடித்தவர், கவிதா போய்க் கேட்ட பிறகு வந்தார். கொழும்பு வீதியில் சேலைக் கடை வாசலில் அத்தை என்னை ஒரு பக்கமாக அழைத்து, அக்காவைக் கண்ணால் காட்டி, மெதுவாகத்தான் சொன்னார்.

"நல்ல காரியம் பாருங்க. அவங்க பொறவு வீட்டுல வந்து பார்க்கட்டுமே. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல."

எனக்கு வாய் நீளம். அப்போது உயிரோடிருந்த என் கணவருக்கும் அது தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். பதில் சொல்லத் திறந்த வாயை, பின்னால் நின்ற அக்கா என் கையைக் கிள்ளி மூடவைத்தார். "நான் இதில நிக்கிறன். நீங்கள் போய்ப் பாருங்கோ. பிள்ளையின்ர நாள். சண்டை வேண்டாம்."

நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். கடைப் பையன்கள் வெள்ளை விரிப்பில் பட்டுகளை விரிக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் முதலாளி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். எழுந்து வாசலுக்கு ஓடினார். "அக்கா, நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? இன்னைக்கு மொதல் வியாபாரம் உங்க கையாலன்னா நான் குடுத்து வச்சவன்ல. உள்ள வாங்க."

தெல்தோட்டை அத்தை என்னைப் பார்த்தார். "இவங்க கைராசிக்காரங்களா?"

"கண்டிச் சந்தையில கேட்டுப் பாருங்க" என்றேன்.

பாவம் அத்தை. நல்ல காரியத்துக்குக் கணவனில்லாதவள் கூடாது என்பதும் அவருடைய நம்பிக்கை, கடைக்காரன் கைராசி என்று சொன்ன ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அவருடைய நம்பிக்கை. பலசரக்குக் கடை முதலாளியம்மா அல்லவா? கொஞ்ச நேரம் இரண்டுக்கும் நடுவில் திண்டாடினார். பிறகு அவருக்குள் இருந்த கடைக்காரிதான் ஜெயித்தாள். அவரே வாசலுக்குப் போய், "உள்ள வாங்க. கைராசிக்காரங்கன்னு தெரியாமப் போச்சு. உங்க கையாலயே கூறையை எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டார்.

எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. ஆனால் அக்கா அசையவில்லை.

"இல்லை அம்மா. ராசி இல்லையெண்டு வெளியில விடுறதும், ராசி இருக்கெண்டு உள்ள கூப்பிடுறதும் எனக்கு ஒண்டுதான். நாளைக்கு இந்தக் கடையில யாபாரம் படுத்தால் திரும்பவும் வெளியில நிக்கோணும். நான் இதிலயே நிக்கிறன்."

குரலில் கோபமே இல்லை. அப்போது கவிதா இரண்டு சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு எதுவுமே காதில் விழுந்திருக்கவில்லை.

"பெரியம்மா, அம்மாவுக்கு நிறம் பார்க்கத் தெரியாது. அரக்கா, மயில் கழுத்தா? உள்ள வெளிச்சத்துல வந்து பார்த்துச் சொல்லுங்க."

அக்கா உடனே செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "அரக்கு உனக்கு எடுபடாது பிள்ளை. மயில் கழுத்தில கரை அகலமாய் வேறை இருக்கோ எண்டு கேள்" என்று தொடங்கி, மத்தியானம் வரை கடைப் பையன்களைப் பாடாய்ப் படுத்தினார். அத்தையும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கரையைத் திருப்பிப் பார்த்து, சரிகையைத் தடவிப் பார்த்து, ஒரே சேலையில் வந்து நின்றார்கள். பணத்தைக் கொடுத்ததும் சேலையை வாங்கிக் கொடுத்ததும் அத்தைதான். அக்கா கையால் தொட்டுக் கொடுக்க மறுத்துவிட்டார். படியிறங்கும்போது முதலாளியிடம், "இண்டைக்கு யாபாரம் சரிவரேல்லை எண்டால் என்னட்டை வராதேங்கோ. அம்மாவின்ர கை" என்று தெல்தோட்டை அத்தையைக் காட்டினார். அத்தை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் அளவுக்குச் சிநேகமானார்கள்.

கட்டுக்கலையில் அந்தச் சின்ன அனெக்ஸின் முற்றம் அவருடைய இறுதிச் சடங்கு அன்று ஆட்களைக் கொள்ளவில்லை. வவுனியாவிலிருந்து தங்கையின் மகன் வந்து காரியங்களைச் செய்தான். தெல்தோட்டை அத்தை தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து சாப்பிடச் சொல்லியும் கேட்கவில்லை. மத்தியானம் சந்தைக்காரர்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்பில் சோமா, செருப்புக் கடைக்காரர், பிளாஸ்டிக் கடைக்காரர். நஸீர் நானா வாசல் கேற்றடியில் தொப்பியோடு நின்றார். அந்த மச்சாளும் வந்திருந்தார். "இவையள் ஆர்?" என்று என்னிடம் கேட்டார். "அக்காவைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க" என்று சொன்னேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன். அக்கா இருந்திருந்தால் கிள்ளியிருப்பார்.

எட்டாம் நாள் காரியம் கழிந்த பிறகு ஒரு காலையில் சந்தைக்குப் போனேன். வீட்டில் மல்லி முடிந்திருந்தது என்பது உண்மை. காலையிலேயே போக வேண்டியிருந்தது என்பது உண்மையல்ல. நானா அப்போதுதான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க தங்கச்சி. மொதல் யாபாரம் நீங்க பண்ணுங்க" என்றார்.

"என் கழுத்தைப் பார்த்தீங்களா, நானா?"

"பாத்தேன். மல்லி எவ்வளவு போடட்டும்?"

அந்த மல்லிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை அழுதுகொண்டே நடந்தேன். யார் பார்த்தார்கள் என்று கவலைப்படவில்லை. நித்யாவோடு அங்கிருந்தே தொலைபேசியில் பேசினேன். கூறை எடுக்க நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவள், "நீங்க வரமாட்டேன்னு சொன்னதுல இருந்து நான் சரியாத் தூங்கவே இல்லம்மா" என்றாள்.

அக்கா ஓய்வு பெறும்போது வீட்டுக்கு எடுத்துப் போன லாச்சிச் சாமானில் எனக்கு எதுவும் வேண்டாம் என்று தங்கையின் மகனிடம் சொல்லிவிட்டேன். அவருடைய கைராசியும் எனக்கு வேண்டாம், அவருக்கே அது வேண்டியிருக்கவில்லை. நான் வைத்துக்கொள்வது அந்த வெள்ளை விரிப்பில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்த இடத்தை. நாளை மறுநாள் கொழும்பு வீதிக்குப் போகிறோம். அந்த இடத்தில் நான் உட்காரப் போகிறேன். நிறம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லப் போகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன், அக்கா.